சாலையோரம் வைத்துப் பார்க்கிறார்களே, அது என்ன கருவி? செட்டிநாட்டில் ஈர்ப்பு அளவாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் முக்காலி மேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக் குனிந்து பார்ப்பவர்களைச் சுற்றிக் கூட்டம் கூடுவது வழக்கம். “ரோடு போடப் போறாங்களா?” என்பதில் தொடங்கிப் புதையல் வரை கேள்விகள் போகும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே.

அந்தப் பெட்டி எதை அளக்கிறது?

அந்த இடத்தில் பூமி எவ்வளவு இழுக்கிறது என்பதை. கருவியின் பெயர் ஈர்ப்புமானி. களத்தில் எல்லோரும் கிராவிமீட்டர் என்றே சொல்வார்கள். உள்ளே ஒரு நுண்ணிய சுருள்வில்லில் சிறு எடை ஒன்று தொங்குகிறது. ஈர்ப்பு கொஞ்சம் கூடினால் வில் கொஞ்சம் நீளும். அந்த நீட்சியைத்தான் படிக்கிறார்கள்.

அலகு மில்லிகால். கலிலியோவின் நினைவாக வைத்த ‘கால்’ என்னும் அலகில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பள்ளியில் படித்த 9.8 என்பதை இந்த அலகில் சொன்னால் 9,80,000 மில்லிகால். காரைக்குடியின் அட்சரேகைக்குக் கடல்மட்டத்தில் வர வேண்டிய கணக்கு மதிப்பு ஏறத்தாழ 9,78,190. இவ்வளவு பெரிய எண்ணில் ஒன்று, அரை, சில சமயம் நூறில் ஒரு மில்லிகால் மாறுவதைத்தான் தேடுகிறார்கள். மண்ணுக்குள் எதையும் அனுப்புவதில்லை. கதிரும் இல்லை, அதிர்வும் இல்லை, மின்சாரமும் இல்லை.

ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் குறைவு, துருவத்தில் கூடுதல். வித்தியாசம் சுமார் 5,200 மில்லிகால். உயரம் கூடினாலும் குறையும். காரைக்குடியில் சுருள்வில் தராசில் 50 கிலோ காட்டிய அரிசி மூட்டையை அதே தராசோடு கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் 20 கிராம் போலக் குறைத்துக் காட்டும். அரிசி குறையவில்லை, இழுப்புத்தான் குறைந்தது. இரண்டு தட்டுத் தராசில் இது தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்துவிடும்.

சரி, இதை வைத்து அடியில் இருக்கும் பாறை எப்படித் தெரியும்?

அடர்த்தியால். காலுக்குக் கீழே கனமான பாறை இருந்தால் இழுப்பு ஒரு துளி கூடும், லேசான படிவு இருந்தால் ஒரு துளி குறையும். கிலோமீட்டர் கணக்கில் பரந்து கிடக்கும் ஒரு படிவு அடுக்கு 1 கிலோமீட்டர் தடிமன் என்றும், பக்கத்துப் பாறையைவிடக் கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் லேசு என்றும் வைத்துக்கொண்டால், அதன் மேல் நிற்கும் கருவி சுமார் 12.6 மில்லிகால் குறைத்துக் காட்டும். நல்ல கருவிக்கு இது மிகப் பெரிய எண்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. கருவிக்குத் தெரிவது அடர்த்தி வித்தியாசம் மட்டும்தான். கீழே 2.7 அடர்த்தியில் பாறை இருந்து பக்கத்திலும் அதே 2.7 இருந்தால், இரண்டும் வேறு வேறு பாறைகளாகவே இருந்தாலும் கருவி வாயைத் திறக்காது.

செட்டிநாட்டுக்கு அடியில் அப்படி என்ன வித்தியாசம் இருக்கிறது?

நிறைய. மேற்கே திருமயம், பிரான்மலை, சிங்கம்புணரி பக்கம் போனால் பழைய கடினப் பாறை வெளியிலேயே தெரியும். நைஸ் (பட்டை பட்டையாக வரி ஓடும் உருமாறிய பாறை), கிரானைட், அதன் வகையறாக்கள். திருமயம் கோட்டை உட்கார்ந்திருப்பது அப்படி ஒரு பாறைக் குன்றின் மேல். பிள்ளையார்பட்டிக் குடைவரையும் குன்றக்குடிக் குடைவரைகளும் அந்தப் பாறையைக் குடைந்தவைதான். வயது கோடிக்கணக்கில் அல்ல, நூறு கோடிக்கணக்கில் சொல்ல வேண்டிய பாறைகள்.

அங்கிருந்து கிழக்கே வர வரக் காட்சி மாறும். தரையில் செம்புறாங்கல், அதற்குக் கீழே மணற்கல்லும் களியும். காரைக்குடிக்குக் குடிநீர் கொடுத்த சம்பை ஊற்று இந்த மணற்கல் அடுக்குகளின் கொடை. தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிக் கடற்கரை நோக்கிப் போனால் கடினப் பாறை ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது, மேலே படிவுகள் தடிக்கின்றன. காவிரிப் படுகை என்று புவியியலாளர்கள் சொல்லும் பெரும்பள்ளத்தின் தெற்குப் பகுதி அது. இராமநாதபுரம்–பாக் விரிகுடாத் தாழ்வு என்று தனிப் பெயரும் உண்டு. இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரிந்த காலத்தில் நிலம் விரிசல் விட்டு, சில துண்டுகள் இறங்கி, சில மேலேயே நின்றுவிட்டன. இறங்கியவை தாழ்வுகள், நின்றவை மேடுகள். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பொட்டல்தான், கருவேலமும் கண்மாயும். கீழே மலையும் பள்ளத்தாக்கும் புதைந்து கிடக்கின்றன.

அதனால்தான் திருப்பத்தூரிலிருந்து தொண்டி வரை ஒரு கோடு போட்டு அளப்பது என் கண்ணுக்கு அழகான பயிற்சி. மலைப்பாறையில் தொடங்கிக் கடலோரப் படிவில் முடியும்.

எந்தப் பாறைக்கு எவ்வளவு அடர்த்தி?

கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்கிறேன். கிரானைட் 2.6-ஐ ஒட்டி. நைஸ் 2.6-லிருந்து 3.0 வரை, உள்ளே இருக்கும் கனிமத்தைப் பொறுத்து. கருமையான, இரும்பும் மக்னீசியமும் கூடிய பாறைகள் 2.9, 3.0 என்று போகும். மணற்கல் ஆளுக்கு ஆள் மாறும், இறுகியது 2.5-க்கு மேல், உதிரியானது 2-க்குப் பக்கத்தில். ஈரக் களிமண்ணும் 2 சுற்றித்தான். செம்புறாங்கல்லில் இரும்பு இருப்பதால் கனமாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் உடம்பெல்லாம் கண்ணறை. நிலக்கரி 1.2 முதல் 1.5. இரும்புத் தாதுவான மேக்னடைட் 5.2.

கவனித்தால் ஒன்று தெரியும்: பொதுவான பாறைகள் எல்லாம் 2-க்கும் 3-க்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மின்தடையில் அப்படி இல்லை. களியில் சில ஓம்-மீட்டர், காய்ந்த கிரானைட்டில் பல ஆயிரம். காந்த ஏற்புத்திறனும், அதாவது பாறை காந்தத்துக்கு இணங்கும் அளவும், பல மடங்கு மாறும். அடர்த்திதான் பாறைகளின் குணங்களிலேயே கஞ்சமாக மாறுவது. அதனால்தான் இந்த முறைக்கு இவ்வளவு நுட்பமான கருவி தேவைப்படுகிறது.

பாறையின் அடர்த்தியை வீட்டிலேயே அளக்கலாமா?

தாராளமாக. சமையலறை மின்னணுத் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும்.

கல்லைக் கழுவி, துடைத்து, தராசில் வையுங்கள். 534 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கல்லை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். இப்போது நூலில் கட்டிய கல்லைத் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கும்படி பிடியுங்கள். பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தராசு இப்போது காட்டும் எண், கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. தண்ணீருக்கு ஒரு கன சென்டிமீட்டர் ஒரு கிராம் என்பதால் அதுவே கல்லின் கன அளவு. 200 காட்டினால் 534-ஐ 200-ஆல் வகுக்க வேண்டும்: 2.67. ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சங்கதிதான்.

கருங்கல் ஜல்லியில் இது சுத்தமாக வரும். ஜல்லி சின்னதாக இருந்தால் ஒன்றை மட்டும் போடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு துண்டுகளை வலைப் பையில் சேர்த்துப் போடுங்கள். ஒரு கிராம் பிழைகூடச் சிறு கல்லில் பெரிதாகத் தெரியும். செம்புறாங்கல்லில் வேலை கூடும். தண்ணீரில் இறக்கியதும் குமிழி குமிழியாகக் காற்று வரும், தராசின் எண் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை இரவு முழுக்க ஊற வைத்து, மேல் ஈரத்தை மட்டும் ஒற்றியெடுத்து நிறுத்தால் நீர் நிறைந்த நிலையின் அடர்த்தி கிடைக்கும். ஊறுவதற்கு முன்பே காய்ந்த எடையைக் குறித்துக்கொண்டால் கண்ணறைகளின் பங்கும் தெரிந்துவிடும்.

ஆத்தங்குடிக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டு ‘செட்டிநாட்டுப் பாறை’ என்று எழுதி அனுப்ப வேண்டாம். அது சிமெண்டும் மணலும்.

ஒரே கல்லுக்கு இரண்டு அடர்த்தியா? எதை எடுத்துக்கொள்வது?

நிலத்துக்குள் அது எந்த நிலையில் இருக்கிறதோ அதை. நூற்றுக்கு 25 பங்கு துளைகள் உள்ள மணற்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் துகளின் அடர்த்தி 2.65. துளையில் காற்று இருந்தால் மொத்தம் 1.99, தண்ணீர் இருந்தால் 2.24. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள அடுக்குக்குக் காய்ந்த கல்லின் எண்ணைப் போட்டால் கணக்கே திசைமாறிவிடும்.

ஒரு ரீடிங் எப்படி எடுக்கிறார்கள்? ஏன் இவ்வளவு நேரம்?

முதலில் இடம். சாலை மையத்திலிருந்து தள்ளி, இறுகிய தரையாக, மரத்துக்கு அடியில் இல்லாமல். காற்றடித்தால் வேர் வழியாகத் தரை ஆடும். முக்காலியை அழுத்தி ஊன்றி, கருவியை வைத்து, திருகுகளைத் திருப்பிச் சாய்வைச் சரி செய்வார்கள். இப்போதைய கருவிகளில் சாய்வு திரையில் எண்ணாக வரும். பழையவற்றில் இரண்டு குமிழிகளைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும். அப்புறம் ஒரு நிமிடம் போலக் கருவி தானாகவே படித்துச் சராசரி எடுக்கும். அந்த நேரத்தில் பேருந்து ஒன்று கடந்தால் போச்சு, திரும்ப எடுக்க வேண்டும். இரண்டு மூன்று ரீடிங் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். கூடவே நேரத்தையும் எழுதுவார்கள்.

நேரம் எதற்கு? இரண்டு காரணம். சந்திரனும் சூரியனும் கடலை மட்டும் இழுப்பதில்லை, தரையையும் கருவியையும் இழுக்கின்றன. ஒரு நாளுக்குள் அதனால் 0.3 மில்லிகால் வரை ஏறி இறங்கலாம். இன்னொன்று, சுருள்வில் மெல்ல மெல்லத் தளரும். ஆகவே காலையில் ஒரு அடிநிலையில், அதாவது ஒப்பிடுவதற்கென்று குறித்துவைத்த ஓர் இடத்தில், படித்துவிட்டுப் புறப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அங்கேயே திரும்பி வந்து படிப்பார்கள். காரைக்குடியில் பார்த்த அதே ஆட்களை மறுபடி அதே இடத்தில் பார்த்தால், வேலை தெரியாமல் சுற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வெயிலில் குடை பிடிப்பதும் ஆளுக்கு அல்ல, கருவிக்கு. உள்ளே வெப்பநிலை ஒரே அளவில் நிற்க வேண்டும். இரவிலும் மின்சாரத்தை நிறுத்த மாட்டார்கள். விடுதியில் முதலில் சார்ஜ் ஏறுவது கைபேசி அல்ல, கிராவிமீட்டர்தான்.

ரீடிங்கை அப்படியே வரைபடமாகப் போட்டால் போதாதா?

போட்டால் நிலத்தின் மேடு பள்ளம்தான் வரும். உயரம் ஒரு மீட்டர் கூடினால் ஈர்ப்பு 0.3086 மில்லிகால் குறையும். அந்த ஒரு மீட்டரும் பாறையாக இருப்பதால் அது கொஞ்சம் திரும்ப இழுக்கும், அடர்த்தி 2.67 என்றால் சுமார் 0.112. இந்த இரண்டாவதற்குப் புகே திருத்தம் என்று பெயர், 1730களில் தென் அமெரிக்க ஆண்டீஸ் மலையில் அளவெடுத்த பிரெஞ்சுக்காரர் பியேர் புகேயின் பெயரால். இரண்டையும் சேர்த்தால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகால். அதாவது உயரத்தில் 5 சென்டிமீட்டர் தப்பினால் விடையில் 0.01 மில்லிகால் தப்பும். வடக்கு தெற்கு நகர்வுக்கும் திருத்தம் உண்டு. நம் அட்சரேகையில் கிலோமீட்டருக்கு 0.28 போல.

என்னைக் கேட்டால், ஈர்ப்பு அளவாய்வின் தரம் கிராவிமீட்டரில் இல்லை, உயரம் எடுக்கும் ஆளிடம் இருக்கிறது. லட்சக்கணக்கில் விலை கொடுத்துக் கருவி வாங்கிவிட்டு, உயரத்தைக் கைபேசியில் பார்த்து எழுதும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

உங்கள் ஜிபிஎஸ் காரைக்குடியைக் கடல்மட்டத்துக்குக் கீழே காட்டியது. கருவி கோளாறா?

கோளாறு இல்லை. அளவைக்குப் பயன்படும் ஜிபிஎஸ் உயரத்தைக் கடலிலிருந்து கணக்கிடுவதில்லை, பூமிக்குப் பொருத்திய ஒரு கணித நீள்கோளத்திலிருந்து கணக்கிடுகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் சராசரிக் கடல்மட்டம் அந்த நீள்கோளத்தைவிட 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புத் தாழ்வு அதுதான், பூமியின் உள்ளே வெகு ஆழத்தில் இருக்கும் லேசான பொருளால் வருவது. அதன் விளிம்பில்தான் நாமும் இருக்கிறோம். நம் பக்கம் இறக்கம் 90 மீட்டரை ஒட்டி. காரைக்குடியின் உயரமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர். கழித்துப் பாருங்கள், கழித்தல் குறி வரும். கைபேசிகள் பலவும் இந்தத் திருத்தத்தைத் தாமே செய்துவிடுவதால் அதில் உங்களுக்குத் தெரிவதில்லை.

திருமயம் மலை போல ஒரு குன்று பக்கத்தில் இருந்தால்?

குன்று கருவியை மேல்நோக்கி இழுக்கும், அதனால் ரீடிங் குறையும். பக்கத்தில் பள்ளம் இருந்தாலும் குறையும், கீழே இழுக்க வேண்டிய மண் அங்கே இல்லையே. எனவே நிலவடிவத் திருத்தம் எப்போதும் கூட்டல்தான். நம் ஊரில் பெரிய ஊருணிக் கரையின் விளிம்பில் முக்காலியை வைக்காமல் தள்ளிப் போவதற்கும் இதுதான் காரணம்.

எங்கள் தோட்டத்தில் போர் போட இடம் பார்த்துச் சொல்லுமா?

சொல்லாது. ஓர் ஏக்கருக்குள் எந்த மூலையில் தண்ணீர் என்று கேட்டால் மின்தடை அளவாய்வுதான் ஏற்றது. நான்கு இரும்புக் கம்பியை ஊன்றி மின்சாரம் செலுத்திப் பார்ப்பது. நீர் நிறைந்த மக்கிய பாறைக்கும் காய்ந்த பாறைக்கும் மின்தடையில் வித்தியாசம் பெரிது. திருமயம் பக்கப் பாறையில் போர் வண்டிக்காரர்கள் ‘கேப்’ என்று சொல்லும் விரிசல் அரையடி அகலம் இருந்தாலே பெரிது. கிராவிமீட்டர் அதைக் காணவே காணாது.

கிழக்கே மணற்கல் பகுதியில் கதை வேறு. கடினப் பாறை எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, நீர் தாங்கும் படிவு எந்தப் பக்கம் தடிக்கிறது என்று ஒரு வட்டாரம் முழுக்கத் தெரிய வேண்டுமானால் ஈர்ப்பு அளவாய்வு மலிவும் விரைவும். நீர்மட்டம் இறங்குவதையும் பார்க்கலாம்: துளைகள் நூற்றுக்கு 25 உள்ள அடுக்கில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் 0.01 மில்லிகால் குறையும். நல்ல கருவியால் இதைப் பிடிக்க முடியும், பொறுமை இருந்தால்.

பெரிய வீட்டு நிலவறை, புதையல்?

நிலவறை தெரியலாம். இரண்டு மீட்டர் ஆரமுள்ள வெற்றிடம், அதன் மையம் ஐந்து மீட்டர் ஆழத்தில், சுற்றிலும் பாறை என்றால் 0.023 மில்லிகால் குறையும். கவனமாக அளந்தால் கிடைக்கும் எண்தான். ஆனால் சுற்றி நிற்கும் இரண்டடிச் சுவர்கள், பக்கத்துக் கிணறு, முற்றத்துப் பள்ளம் எல்லாம் அதே அளவுக்குக் குழப்பும்.

புதையல் தெரியாது. பத்துக் கிலோ தங்கம் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தால் வரும் மாற்றம் 0.000015 மில்லிகால். கருவி படிக்கும் கடைசி இலக்கத்தைவிடப் பல பத்து மடங்கு சிறிது. கிராவிமீட்டர் வைத்துப் புதையல் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், முன்பணம் வேண்டாம்.

சிவகங்கை கிராஃபைட்டை இதில்தான் கண்டுபிடித்தார்களா?

கிராஃபைட்டுக்கு மின்முறைகளே பொருத்தம். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கனிமம் அது. தரையில் தானாகவே உண்டாகும் மின்னழுத்தத்தை அளந்தாலே காட்டிக்கொடுத்துவிடும். அடர்த்தியோ 2.2 போல, அதுவும் பாறைக்குள் சிறு பங்காகக் கலந்திருப்பது. தமிழ்நாடு கனிம நிறுவனம் சிவகங்கை அருகே கிராஃபைட்டை வெட்டியெடுத்துச் சுத்திகரிக்கிறது.

எண்ணெய் எடுக்கத்தானே இதெல்லாம்? நிலம் போய்விடுமா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. காவிரிப் படுகையில் எண்ணெய் எரிவாயு தேடல் தொடங்கியபோது முதலில் செய்தவற்றில் ஈர்ப்பு, காந்த அளவாய்வுகளும் அடக்கம். புதைந்த மேடுகளும் தாழ்வுகளும் அப்படித்தான் முதலில் புலப்பட்டன. இராமநாதபுரம் பக்கத்து வழுதூரில் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால் அதன் பின்னே இந்தத் தேடலும் இருக்கிறது.

அதே சமயம், அளவெடுப்பதும் நிலம் எடுப்பதும் ஒன்றல்ல. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுக்க இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் எடுக்கும் அளவாய்வு பொது வரைபடத்துக்கானது. நெடுவாசலில் 2017-ல் நடந்த போராட்டத்துக்குப் பிறகு இந்தப் பயம் வருவது இயல்பு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டத்தின் சில வட்டாரங்களையும் சேர்த்துக்கொண்டது. சிவகங்கை மாவட்டம் அதில் இல்லை. யார் அளக்கிறார்கள், எந்தத் துறை, கடிதம் எங்கே என்று கேட்பது உங்கள் உரிமை. ஒழுங்கான குழு பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டும்.

ஒரே ரீடிங்குக்கு ஒரே விடைதானா?

இல்லை, இதுதான் இந்த முறையின் தீராத தலைவலி. ஆழத்தில் கிடக்கும் பெரிய பாறைத் திரளும், மேலே அகலமாகப் பரவிய மெல்லிய திரளும் ஒரே வளைவைத் தரலாம். வளைவின் அகலத்தை வைத்து ‘இதைவிட ஆழமாக இருக்க முடியாது’ என்று எல்லை கட்டலாம், அவ்வளவுதான். கடலோரத்தில் இன்னொரு சிக்கல்: கடல் நோக்கிப் போகப் போகப் பூமியின் வெளி ஓடு மெலிந்து, அதற்குக் கீழே இருக்கும் கனமான அடுக்கு (மேன்டில்) மேலே வருவதால் ஈர்ப்பு பொதுவாக ஏறும். படிவுகள் அதை இறக்கும். இரண்டையும் பிரித்தெடுப்பதில் ஆளுக்கு ஆள் கைவாகு மாறும். அதனால்தான் பாறையின் அடர்த்தியைக் கையால் அளந்து வைத்திருப்பது அவசியம். ஒரு ஆழ்துளைக் கிணற்றின் பாறைத் துண்டுகள் கிடைத்தால் பத்து விடைகளில் ஏழு கழிந்துவிடும்.

இந்த அளவுகளை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ‘பூகோஷ்’ தளத்தில் பதிவு செய்துகொண்டு உங்கள் வட்டாரத்தின் ஈர்ப்பு வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே புவியியல் வரைபடத்தையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். புகே திருத்தத்துக்கு எந்த அடர்த்தியைப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள், வழக்கமாக 2.67 இருக்கும். கிரானைட் குன்றுகளுக்கு அது பொருந்தும், தேவகோட்டைப் பக்கத்து மேல்மண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல். நிலம் அங்கே பெரும்பாலும் தட்டையாக இருப்பதால் பெரிய கேடு வராது.